ஒன்பதாவது படம்

அன்புள்ள தினேஷ்,

நேற்று ஃபோனில் “இத இத்தோட விடுங்க சித்தி” என்று நீ சொன்ன பிறகும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று உனக்குத் தோன்றும். பேச்சில் நான் எவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியும். சனத்நகர் பட்டறையில் ஒரு பாகத்தின் அளவு சரியில்லை என்றால்கூட, செய்தவரிடம் வாயால் சொல்ல முடியாமல் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறவள் நான். இன்று சனிக்கிழமை. உன் அப்பா கடைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி முடித்து, பக்கங்களைப் படம் எடுத்து உன் ஃபோனுக்கு அனுப்பிவிட வேண்டும். நாளை பதினோரு மணிக்கு நீ அந்தப் படிவத்தோடு வந்து நிற்பதற்கு முன்னால் இதை நீ படித்திருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது. படிவத்தைத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் சேர வேண்டியதுதான் பாக்கி. அதில் ஒரு கேள்வி இருக்கிறது: அரசு நிறுவனம் எதிலாவது பாதுகாப்புப் பிரிவினர் உங்களை விசாரித்ததுண்டா, எச்சரித்ததுண்டா, ஆம் என்றால் விவரம் தரவும். தவறான தகவல் தந்தால் நியமனம் ரத்தாகும் என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். ஆம் என்று எழுதினால் விசாரித்துத் தெளியும்வரை நிறுத்திவைக்கலாம் என்றும் இருக்கிறது. உன் அப்பா அதைப் படித்துவிட்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “உள்ளத உள்ளபடி எழுதச் சொல்லு. மறைச்சி எழுதி நாளைக்கி மாட்டுனா வேலையும் போவும், பேரும் போவும்” என்றார். உள்ளது என்ன என்று அவருக்குத் தெரியாது. இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவன், “நான் எடுத்தேன்னே எழுதிடறேன் சித்தி, கொஞ்சம் டிலே ஆகும், அவ்ளோதான்” என்று நேற்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மாவு அரைத்தாயிற்றா என்று கேட்டான்.

உனக்குத் தெரிந்தவற்றையும் இதில் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள். இந்தக் காகிதத்தை உன் அப்பா படிப்பார். தேவைப்பட்டால் அவருடைய அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரியும் படிப்பார். அதனால் எதுவும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இந்தக் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தேழு. ஜோலார்பேட்டையில் தண்டவாள வேலை செய்கிறவரின் மகள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், இயற்பியலில் பட்டம் வாங்கிய ஒரே ஆள். அந்தப் பட்டத்தால் எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. நான்கு பேர் நடுவில் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. நான் தமிழில் கேட்பேன். நீ ஹிந்தியில் பதில் சொல்வாய், இல்லையென்றால் தெலுங்கில், அதுவும் சுவரைப் பார்த்து. என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாய். “ஆன்ட்டின்னா பக்கத்து வூட்டுக்காரிடா” என்று அப்பா ஒருமுறை அதட்டினார். அதன் பிறகு நீ என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. அப்படியே எட்டு மாதம் போயிற்று.

அந்தக் கேமராவை எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்தேன். பழைய மிக்ஸி ஜாடிகளுக்கும் சைக்கிள் செயின்களுக்கும் நடுவில், தரையில் விரித்த சாக்கின் மேல் இருந்தது. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கறுப்புப் பெட்டி. மேலே இருப்பது பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் எடுப்பதற்கு. “ஷோகேஸ்ல வைங்கம்மா, நல்லாருக்கும்” என்று தெலுங்கில் சொன்னார் விற்றவர். அதைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. ஆனால் ஷட்டர் ‘டிக்’ என்று சுத்தமாகத் திறந்து மூடியது. கல்லூரி ஆய்வகத்தில் மெழுகுவர்த்தியும் குவிலென்ஸும் வைத்துப் பிம்பத்தின் தூரம் அளந்தபோது எனக்குள் ஓர் ஆனந்தம் வந்ததே, அது அப்படியே திரும்ப வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டறையிலிருந்து எடுத்துவந்த சின்ன ஸ்பேனர்களால் லென்ஸைக் கழற்றி, பூஞ்சையைத் துடைத்தேன். பழைய லென்ஸின் மேல் பூச்சு ஒன்று உண்டு. அவசரப்பட்டுத் தேய்த்தால் பூஞ்சையோடு அதுவும் போய்விடும். பஞ்சைத் தொட்டுத் தொட்டு எடுக்கத்தான் வேண்டும். அதற்கே இரண்டு ஞாயிறு ஆயிற்று.

அந்தக் கேமராவில் எனக்குப் பிடித்தது என்ன என்று உனக்குச் சொன்னதில்லை. மற்றக் கேமராக்களைப் போல அதை முகத்துக்கு நேரே தூக்கி, எதிரில் இருப்பவரைக் குறிபார்க்க வேண்டியதில்லை. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் தெரியும். என்னைப் போன்றவளுக்கென்றே யாரோ செய்ததுபோல் இருந்தது. யாருடைய கண்ணையும் பார்க்காமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒருநாள் சாயங்காலம் பால்கனியில் அப்படித்தான் குனிந்திருந்தேன். நீ கிரிக்கெட் மட்டையோடு வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போவதற்குப் பதிலாக நின்று, எட்டி உள்ளே பார்த்தாய். கீழே போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரி கண்ணாடியில் எதிர்த் திசையில் போனது. “கைக்கு உல்டா திக்ரா?” என்று கேட்டாய், ஏன் மாறித் தெரிகிறது என்று. எட்டு மாதத்தில் நீயாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. “உள்ள ஒரு கண்ணாடி சாய்ச்சி வெச்சிருக்காங்க. அதனால எடம் வலமா, வலம் எடமா தெரியும்” என்றேன். நீ மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேமராவை வாங்கி, லாரியின் பின்னால் திருப்பப் பார்த்தாய். தப்பான பக்கம் திருப்பினாய். லாரி தப்பித்தது. நீ சிரித்தாய்.

அதன் பிறகு வந்த ஐந்து வருடத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ஒரு ஃபிலிமுக்குப் பன்னிரண்டே படம். “மொபைல்ல ஒரு செகண்ட்ல முடியற வேலைக்கு நாம பன்னெண்டு நாள் எடுத்துக்கறோம் சித்தி” என்று கிண்டல் செய்துகொண்டே, வெளிச்சம் அளக்க உன் மொபைலைத்தான் நீட்டுவாய். ஆமாம், அதற்குள் நான் சித்தி ஆகியிருந்தேன். எந்த நாளில் ஆனேன் என்று எனக்கு நினைவில்லை. ஃபிலிமை நிழலில் வைத்துத்தான் மாட்ட வேண்டும், அதன் தாளில் இருக்கும் அம்புக்குறியைப் பெட்டியில் இருக்கும் புள்ளிக்கு நேராக வைத்துத்தான் மூட வேண்டும் என்பதை நான் சொல்ல, நீ ஒருமுறைகூட மறந்ததில்லை. கறுப்புப் பைக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஃபிலிமைச் சுருளில் ஏற்றுவதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். கழுவிய ஃபிலிமைத் தூசு படாமல் காயவைக்க நம் வீட்டில் பாத்ரூமைவிட்டால் இடம் கிடையாது. அப்பா தோளில் துண்டோடு வெளியே நின்று, “உள்ள என்னா கொழந்தயா தூங்குது, கதவத் தட்டக் கூடாதுன்றீங்க?” என்பார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பிடித்திருந்தது. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேனே, உன் கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியுமே, அந்தப் படத்தை அவர் பர்ஸுக்குள் வைத்திருந்தார்.

அந்த வருடங்களில் நான் செய்த ஒரு தவறை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஷட்டரில் ஓரமாக ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதை இறக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், சில நொடி கழித்துத்தான் படம் எடுக்கும். எடுப்பவரும் ஓடிப்போய் நின்றுகொள்ளலாம். இந்தக் கேமராக்களைப் பழகியவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து, பல் சக்கரம் பாதியில் நின்று, மொத்த ஷட்டரும் மாட்டிக்கொள்ளும். எனக்கும் அது தெரியும். தெரிந்தும், அப்பாவின் பிறந்தநாளன்று மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு படத்தில் நிற்க ஆசைப்பட்டு இறக்கிவிட்டேன். பாதியில் நின்றது. பிறகு மூன்று வாரம் அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தேன். ஷட்டரைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், தாமதப்படுத்தும் அந்தப் பல் சக்கரங்களையே வெளியே எடுத்துவிட்டேன். நெம்புகோல் மட்டும் அழகுக்கு அப்படியே இருந்தது. அசைத்தால் அசையும், ஒன்றும் செய்யாது. அந்த மூன்று வாரமும் எனக்கு மொபைலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவன் நீ.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

உனக்குப் பதினேழு வயது, இன்டர் இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, சங்கராந்தி. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிகள் எல்லாவற்றிலும் பட்டம். நம் மாடியில் நீ மட்டும்தான் இருந்தாய். சாயங்கால வெயிலில் உன் சட்டையும் நூலும் மின்னியதைப் பார்த்து, மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். நம் பிளாக்கின் வடக்குப் பக்கம் திரும்பிப் படம் எடுக்கக் கூடாது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தப் பக்கம் அப்பா வேலை செய்யும் பாதுகாப்புத் துறை அலுவலகத்து மதில், காவல் கோபுரம். போர்டும் இருக்கிறது. அதனால்தான் வடக்கே முதுகைக் காட்டி நின்று எடுத்தேன். எட்டுப் படம் எடுத்தேன், எட்டும் உன்னைத்தான். பக்கத்து மாடியில் யாரோ பட்டத்தை அறுத்துவிட்டு “அஃபா” என்று கத்தினார்கள். உன் நூல் தளர்ந்தது. நீ மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நகர ஆரம்பித்தாய். உனக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் உன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். கண்ணாடிக்குள் நீ வலப்பக்கமாக நழுவினாய். அதாவது நிஜத்தில் இடப்பக்கம். ஐந்து வருடப் பழக்கத்தில் என் உடம்புக்கு அது தெரியும். ஆனால் நீ விழப்போகிறாய் என்ற பயத்தில் எல்லாம் மறந்து, கண்ணாடியில் நீ போன பக்கமே நானும் திரும்பினேன், பதறித் திரும்பியதில் அரை வட்டம் சுற்றிவிட்டேன். விரல் அமுங்கிவிட்டது. தலையை நிமிர்த்தினால் எதிரில் மதில், கோபுரம், கோபுரத்தில் ஒரு ஆள். ஓரத்தில், என்னைத் தாண்டி மறுபக்கம் ஓடிவந்துவிட்ட உன் முழங்கை. நீ விழவில்லை. பட்டத்தைக் காப்பாற்றியிருந்தாய்.

“சித்தி, அந்தப் பக்கமா எடுத்தீங்க?” என்று கேட்டாய். கேமராவை உன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன். அடுப்பில் எண்ணெய் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காக நான் இறங்கவில்லை. கேமரா என் கையில் இருக்கக் கூடாது என்று தோன்றியது, அதனால் இறங்கினேன். இதை நீ இன்றுதான் தெரிந்துகொள்கிறாய்.

பத்து நிமிடம் இருக்கும். படியில் பூட்ஸ் சத்தம் மேலே போனது. நான் கதவைத் திறந்து அவர்கள் பின்னாலேயே ஏறினேன். கடைசித் திருப்பத்தில் நின்றேன். மாடிக்கு இன்னும் ஆறு படி. அங்கிருந்து எனக்கு உன் கால்களும் அந்த இரண்டு காவலர்களின் கால்களும் தெரிந்தன. “கேமரா கிஸ்கா? ஃபோட்டோ கோன் லியா?” என்று ஒருவர் கேட்டார், கேமரா யாருடையது, படம் எடுத்தது யார் என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. அப்போது நீ திரும்பினாய். படியில் நான் நிற்பதைப் பார்த்தாய். என்னைப் பார்த்துக்கொண்டே அவர்களிடம் சொன்னாய்:

“மைச் லியா.”

நான்தான் எடுத்தேன் என்றாய். நான் அந்த ஆறு படியை ஏறவில்லை.

மறுநாள் அப்பாவையும் உன்னையும் அழைத்தார்கள். ஃபிலிமைக் கழுவிப் பார்த்திருந்தார்கள். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிகாரி நல்ல மனிதர்தானாம். ஒன்பதாவது படத்தில் மதிலும் கோபுரமும் கலங்கலாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் அவர் வேறொன்றைக் கேட்டார். மற்ற எட்டுப் படத்திலும் நீயே இருக்கிறாயே, அப்படியானால் எடுத்தது யார் என்று. அப்பா இதைச் சொல்லும்போது நான் அவருக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். “டைமர் வெச்சி எடுத்தானாம். வெச்சிட்டு ஓடி ஓடி நின்னானாம். அந்தக் கம்பியக்கூட அசைச்சிக் காட்டுனான்” என்றார். என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எதிரில் நீ தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தாய். அந்த நெம்புகோலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொண்டோம். நீ எழுதிக் கொடுத்தாய். என் மகன் விவரம் தெரியாமல் எடுத்துவிட்டான், இனி நடக்காது என்று அப்பாவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உன் பேரில் ஒரு எச்சரிக்கையோடு கோப்பு மூடப்பட்டது.

அப்பா உன்னை அடிக்கவில்லை. நாலு மாதம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அது எவ்வளவு என்று உனக்கும் எனக்கும் தெரியும். கேமரா திரும்பி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டினார். பர்ஸிலிருந்த உன் படத்தையும் எடுத்து அதன் மேலேயே வைத்தார். ஒருநாள் துணி மடிக்கும்போது உன்னிடம் மெதுவாகக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. முக்கியமான எதையும் நீ தமிழில் சொல்லமாட்டாய். “பாப்பா குஸ்ஸா ஹோத்தே. பிர் ஆப் சலே ஜாதே நா” என்றாய். அப்பா கோபப்படுவார், நான் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயந்திருக்கிறாய். எங்கேயும் போகமாட்டேன் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதைக்கூடச் சொல்லாமல், மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

உன் பரீட்சை முடியட்டும், அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்றேன். நீ காலேஜில் சேரட்டும் என்றேன். நீ ஹாஸ்டலுக்குப் போனாய், அப்பா உன்னோடு பேச ஆரம்பித்தார், இனி எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதமும் பாதிப் பொய் ஆகிவிடும். அதன் பிறகு நீ ஒரு ஃபிலிமைக்கூடத் தொடவில்லை. நான் நிறுத்தவில்லை, தினேஷ். அடுத்த வருடமே இன்னொரு கேமரா வாங்கினேன். துருத்திபோல மடிந்து உள்ளே போகிற வகை. அதைப் பட்டறையில் என் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். துருத்தியின் மடிப்பில் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தன. கறுப்புச் சாயம் வைத்து ஒவ்வொன்றாக அடைத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் சனத்நகர் சந்துகளில் போய் லேத் கடைகளையும் டீக்கடை வெயிலையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெகட்டிவைத் தூக்கிப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டு நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் தவறுகளில் சின்னது எது, பெரியது எது என்று அளக்கச் சொன்னால், படியில் நின்றதைவிட இதைத்தான் பெரியது என்பேன். படியில் நின்றது ஒரு நிமிடத்துப் பயம். இது நாலு வருடம்.

நேற்று நீ ஃபோனை வைத்த பிறகு பீரோவைத் திறந்தேன். சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. கேமராவை எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் வேலை செய்கிறது. மெதுவான வேகங்களில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. நெம்புகோல் அப்படியேதான் இருக்கிறது. இறக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ‘டிக்’ என்றது. ஐந்து வருடமாக நம் வீட்டிலேயே, அப்பாவின் சட்டைகளுக்கு நடுவில், இதற்குச் சாட்சி இருந்திருக்கிறது. யாரும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் போதும், அந்தக் கேமராவில் நீ உன்னையே எடுத்திருக்க முடியாது என்று தெரிந்துவிடும். நான் வார்த்தை தடுமாறினாலும் அது தடுமாறாது.

இதனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. அப்பா எழுதிக் கொடுத்தது தவறு என்று அவரே மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மனைவி ஏன் ஐந்து வருடம் மறைத்தார் என்று அவரைக் கேட்பார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள் தாமதமாகப் போனதற்குக்கூடக் காரணம் எழுதிக் கொடுத்த மனிதர் அவர். என்னை அலுவலகத்துக்குக் கூப்பிடலாம். முன்பின் தெரியாத நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதே எழுத்து கோணுகிறது, பார்த்தால் உனக்கே தெரியும். ஆனால் அதைவிட எனக்கு அப்பாவின் முகத்தை நினைத்துத்தான் பயம். அவர் சத்தம் போட்டால் தாங்கிக்கொள்வேன். உன்னோடு இருந்ததுபோல நாலு மாதம் பேசாமல் இருந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும். அந்த நாலு மாதத்தை நீ பதினேழு வயதில், பரீட்சை நேரத்தில், செய்யாத ஒன்றுக்காகத் தாங்கினாய். எனக்கு முப்பத்தேழு வயது ஆகிறது.

நீ வேலைக்குப் போகப்போகிறவன். அம்மா ஸ்தானத்தில் இருப்பவள் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உனக்கு வேண்டியவர்களுக்காக நீ எதை வேண்டுமானாலும் தூக்கிச் சுமப்பாய். அது உன் இயல்பு. ஆனால் நீ சுமந்தால், அடுத்தவர் சும்மா நிற்கப் பழகிவிடுவார். நான் பழகிவிட்டேன். நாளை உன் மேலதிகாரியோ, கூட வேலை செய்கிறவனோ, உனக்கு வரப்போகிறவளோ அப்படிப் பழகிவிடக் கூடாது. அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. என்னைப் போலப் பயந்தவர்களாக இருந்தாலே போதும். பாரத்தை இறக்கி அவரவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொள். அதுவும் ஒரு பிரியம்தான்.

படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே எதையும் எழுதாமல் கொண்டுவா. விசாரித்தது உண்மை, எச்சரித்தது உண்மை, எடுத்தது நீ இல்லை. இந்த மூன்றையும் அப்பா முன்னால் உட்கார்ந்து எழுதுவோம். அதனோடு வைக்க என் கையெழுத்தில் ஒரு வாக்குமூலமும் தயாராக இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தாலும் வைக்கட்டும். நிறுத்திவைத்து விசாரித்தால், விசாரிக்க நான் இருக்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் மேற்கொண்டு படிக்காமல் ஃபோன் செய்திருப்பாய், அதனால் இங்கே வைத்தேன். நாளை நீ வந்து உட்கார்ந்ததும் நான் அப்பாவிடம் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் எனக்குக் குரல் நின்றுவிடும், அது நிச்சயம். அப்பா உன் பக்கம் திரும்பி, “என்னாடா சொல்றா இவ?” என்று கேட்பார். அவருக்கு நீ பதில் சொல்லாதே. டைமர் என்று சொல்லாதே, நான்தான் என்று சொல்லாதே, விடுங்கப்பா என்றும் சொல்லாதே. எனக்கு எத்தனை நிமிடம் ஆனாலும் ஆகட்டும். நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திரு, கண்ணு.